நகையைக் கழற்றச் சொல்லும் கிரீம்

"டிவியில வர்ற கிரீமை ரெண்டு வருஷம் போட்டேன், ஒண்ணும் ஆகலை. ஃபேன்சி ஸ்டோர்ல கிடைச்ச பேர் தெரியாத கிரீம் ஒரே மாசத்துல வெளுத்திடுச்சே, அது எப்படி?"

சிவப்பழகு கிரீம் பற்றிப் பேச்சு வந்தாலே இந்தக் கேள்வியும் வந்துவிடும். இதன் வாலைப் பிடித்துக்கொண்டே அடுத்தது வரும்: "விட்டதும் முன்னைவிடக் கறுத்துப்போச்சே, அது ஏன்?"

கேட்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கண்ணாடியில் பார்த்தது உண்மை. விளம்பரம் செய்து விற்கும் பெரிய நிறுவனத்தால் முடியாதது, முகவரிகூட இல்லாத ஒரு டப்பாவால் முடிகிறது. அப்படியானால் அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

ஒரு துப்பு டப்பாவின் மேலேயே சில சமயம் அச்சாகியிருக்கும். தங்கம், வெள்ளி, அலுமினியம், ரப்பர் இவற்றில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நகையைக் கழற்றிவிட்டுத் தடவுங்கள் என்று எழுதியிருக்கும். முகத்தில் பூசலாம், மோதிரத்தில் படக் கூடாது என்றால் அது என்ன பொருள்? உடைந்த தெர்மாமீட்டரிலிருந்து உருண்ட வெள்ளிக் குண்டுகளை உள்ளங்கையில் வைத்து விளையாடியவர்களுக்கு விடை தெரியும். அந்தக் குண்டு மோதிரத்தில் பட்டால் தங்கம் வெளுத்துவிடும். நகை செய்யும் பத்தரிடம் கேட்டாலும் சொல்வார்: தங்கத்தோடு ஒட்டி உறவாடும் பொருள் பாதரசம்.

தோல் எப்படி வெளுக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட்டு, பாதரசத்துக்கு வருவோம்.

தோலின் நான்கு வாரக் கணக்கு

நம் தோலின் மேலடுக்கு ஓர் அடுக்குமாடி. அடித்தளத்தில் புதிய செல்கள் பிறக்கின்றன. பின்னால் பிறப்பவை முட்டித் தள்ள, முன்னால் பிறந்தவை மெல்ல மேலேறி, காய்ந்து தட்டையாகி, கடைசியில் குளிக்கும்போது அழுக்கோடு உதிர்ந்துபோகின்றன. அடியிலிருந்து உச்சிக்கு வந்து உதிர ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். வயதானால் இன்னும் கொஞ்சம் கூடும்.

நிறம் கொடுப்பது மெலனின் என்ற நிறமி. அதைச் செய்யும் செல்களும் அதே அடித்தளத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. செய்த நிறமியைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, அக்கம்பக்கத்துச் செல்களுக்குக் கொடுத்தனுப்புகின்றன. அந்தச் செல்கள் பொட்டலத்தைச் சுமந்தபடி மேலேறுகின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர் செல்லின் உட்கருவைத் தாக்காமல் இருக்க, நிறமி அதன்மேல் குடைபோலக் கவிந்து நிற்கிறது. மாநிறமும் கறுப்பும் இந்தக் குடையின் அடர்த்திதான்.

இப்போது கணக்குப் போடலாம். நிறமி செய்யும் வேலையை இன்றே அடியோடு நிறுத்திவிட்டாலும், ஏற்கெனவே நிறமியோடு கிளம்பிவிட்ட செல்கள் எல்லாம் உதிர்ந்து முடிய நான்கு வாரம் வேண்டும். அதற்கு முன் முழுமையாக வெளுக்க வழியே இல்லை.

ஆகவே ஒரு கிரீம் எவ்வளவு நாளில் வெளுக்கிறது என்பதை வைத்தே, அது என்ன செய்கிறது என்று ஓரளவு ஊகிக்கலாம். தடவிய நிமிடமே வெளுத்து, கழுவினால் போய்விட்டால், அதில் இருப்பது டைட்டானியம் டைஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி. சுவருக்குப் பூசும் பெயின்ட்டிலும் அதுதான் வெண்மை தருகிறது. இது வெறும் பூச்சு, கெடுதல் இல்லை. இரண்டு மூன்று நாளில் முகம் வெளிறினால், ஸ்டீராய்டு இருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். ஸ்டீராய்டு தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். ரத்த ஓட்டம் குறைந்த இடம் வெளிறித் தெரியும். ஒரு மாதத்தில் நிறமே இறங்கினால், யாரோ அடித்தளத்துக்கே போய் நிறமிப் பட்டறையைப் பூட்டியிருக்கிறார்கள். சில டப்பாக்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். அதனால் இந்தக் கணக்கை ஊகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்புக்கு அல்ல.

செம்பின் இடத்தில் பாதரசம்

நிறமிப் பட்டறையில் முக்கியமான தொழிலாளி டைரோசினேஸ் என்ற நொதி. உடலில் ஒரு வேதிவினையை முடுக்கிவிடும் புரதத்தைத்தான் நொதி என்கிறோம். இந்த நொதியின் நடுவில் செம்பு அணுக்கள் இரண்டு உட்கார்ந்திருக்கின்றன. அவை இல்லாமல் அதற்கு வேலை ஓடாது. பாதரச உப்பு உள்ளே வந்தால் செம்பைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நொதி முடங்குகிறது, நிறமி நிற்கிறது.

மலிவாகவும் வேகமாகவும் வேலை செய்வதால்தான் இதை இன்னும் சேர்க்கிறார்கள். காலமெல் என்ற பாதரச குளோரைடு ஒரு காலத்தில் மருந்தாகவே விற்றது.

விட்டதும் ஏன் கறுக்கிறது? பூட்டு திறந்ததும் பட்டறை மறுபடி ஓடுகிறது. அதோடு, குடை இல்லாமல் இத்தனை நாள் வெயில் வாங்கிய தோல் புண்பட்டிருக்கிறது. புண்பட்ட தோல் நிறமியைக் கூடுதலாகவே செய்யும். நெடுநாள் தடவியவர்களுக்குப் பாதரசமே தோலில் படிந்து, சாம்பலும் நீலமுமாக ஒரு திட்டு விழுவதும் உண்டு. இதைப் பார்த்துப் பயந்து மறுபடி அதே டப்பாவை வாங்கப் போகிறார்கள். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் வலிக்கும் இடம் இதுதான்.

கோட்டக்கல்லில் கிடைத்த துப்பு

தோலோடு போயிருந்தால் இந்த அத்தியாயமே வேண்டியதில்லை. பாதரசம் தோல் வழியே ரத்தத்துக்குப் போகிறது, ரத்தத்தோடு சிறுநீரகத்துக்குப் போகிறது.

கேரளத்தின் மலப்புரம் மாவட்டம், கோட்டக்கல். 2023இல் அங்கே பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி சிறுநீரக நோயோடு சிகிச்சைக்கு வந்தாள். வழக்கமான மருந்து பலிக்கவில்லை. பிறகு அவளுடைய உறவினர்கள் இருவரும் அதே நோயோடு வந்தார்கள். இது தொற்றுநோய் அல்ல. அப்படியிருக்க ஒரே குடும்பத்தில் மூவருக்கு எப்படி?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் நுண்ணிய ரத்தக்குழல் முடிச்சுகள் இருக்கின்றன. ரத்தத்தை வடிகட்டுபவை அவைதான். அழுக்கை வெளியே விட்டு, புரதத்தை உள்ளே நிறுத்திக்கொள்ளும். அந்த வடிகட்டியின் சவ்வு பழுதானால் புரதம் சிறுநீரில் ஒழுகும். சிறுநீர் சோப்பு நுரைபோல நுரைக்கும். காலையில் கண்ணைச் சுற்றியும் சாயங்காலம் காலிலும் வீக்கம் தெரியும். மெம்பரனஸ் நெப்ரோபதி என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நோயைச் சவ்வு நோய் என்று இங்கே சொல்லிக்கொள்வோம்.

சவ்வு நோயில் பல வகை உண்டு. எந்தப் புரதத்தைக் குறிவைத்து உடலின் எதிர்ப்புச் சக்தி சவ்வைத் தாக்குகிறதோ, அதை வைத்து வகை பிரிக்கிறார்கள். அவற்றில் நெல்-1 என்ற வகை அரிது. கோட்டக்கல்லில் 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை கண்ட 22 சவ்வு நோயாளிகளில் 15 பேருக்கு அந்த அரிய வகைதான் இருந்தது. சஜீஷ் சிவதாஸ், ரஞ்சித் நாராயணன் என்ற இரு சிறுநீரக மருத்துவர்களும் நோயாளிகளிடம் அன்றாடம் என்ன சாப்பிடுகிறீர்கள், என்ன பூசுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்கள். 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் தடவியவர்கள்.

இந்த முடிவுகள் 2024இல் சர்வதேச சிறுநீரக மருத்துவ இதழில் வெளியாயின. கட்டுரையின் மூன்றாவது ஆசிரியர் சென்னையைச் சேர்ந்த திசு ஆய்வு நிபுணர் அனிலா ஆபிரகாம் குரியன். நெல்-1 வகை வந்தவர்களில் பலர் பாரம்பரிய நாட்டு மருந்துகளைச் சாப்பிட்டவர்கள் என்றும், அந்த மருந்துகளில் பாதரசம் இருந்தது என்றும் 2022இலேயே கவனித்துச் சொன்ன குழுவில் அவரும் இருந்தார். ஒன்று வயிற்று வழி, மற்றது தோல் வழி. இரண்டு பாதையும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றே.

ஒரு நல்ல செய்தியும் அந்த ஆய்வில் உண்டு. கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது.

ஒரு டப்பா, ஒரு கணக்கு

"எல்லாத்துலயும்தான் கொஞ்சம் கெமிக்கல் இருக்கு" என்று சொல்லி நாம் இதைக் கடந்துவிடுவோம். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

இந்தியச் சட்டப்படி அழகுப் பொருளில் பாதரசம் சேர்க்கவே கூடாது. மூலப்பொருளோடு தானாகக் கலந்து வந்துவிட்டால், பத்து லட்சத்தில் ஒரு பங்குவரை பொறுத்துக்கொள்கிறது. ஆய்வுக்கூடத்தார் பிபிஎம் என்பது இதைத்தான். கண்ணுக்குப் பூசும் பொருளில் மட்டும் 70 பங்குவரை விலக்கு உண்டு. பத்து லட்சத்தில் ஒன்றை மனதில் எப்படி நிறுத்துவது? ஓர் அரிசியின் எடை சுமார் 20 மில்லிகிராம். 20 கிலோ அரிசிச் சிப்பத்தில் பத்து லட்சம் அரிசி இருக்கும். அந்தச் சிப்பம் முழுவதிலும் ஒரே ஒரு கல். அதுதான் சட்டம் விடும் அளவு.

பாதரசத்தை ஒழிக்கப் பாடுபடும் தன்னார்வ அமைப்புகளின் கூட்டணி ஒன்று 12 நாடுகளில் 158 கிரீம்களை வாங்கிச் சோதித்து 2019இல் அறிக்கை தந்தது. 96 கிரீம்கள் அளவை மீறியிருந்தன. மீறியவற்றில் குறைந்தது பத்து லட்சத்தில் 40 பங்கு. கூடியது 1,30,000 பங்குக்கும் மேல்.

நாம் நடுவில் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 10,000 பங்கு, அதாவது நூற்றுக்கு ஒன்று. 20 கிராம் டப்பா. காலையும் இரவும் அரை அரை கிராம் தடவினால் நாளுக்கு ஒரு கிராம். அதில் நூற்றில் ஒரு பங்கு பாதரசம், ஆக முகத்தில் ஏறுவது நாளுக்கு 10 மில்லிகிராம்.

இதே ஒரு கிராமைச் சட்ட அளவுக்குள் இருக்கும் கிரீமில் தடவியிருந்தால் அதிகபட்சம் ஒரு மைக்ரோகிராம் ஏறியிருக்கும். மில்லிகிராமை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். ஆக அந்த நல்ல கிரீமை 10,000 நாள், அதாவது 27 வருடம் விடாமல் தடவினால் முகத்தில் ஏறும் பாதரசம், இந்த டப்பாவில் ஒரே நாளில் ஏறிவிடுகிறது. தடவியதெல்லாம் ரத்தத்துக்குள் போகாது என்பது சரி. ஆனால் அந்த விதி இரண்டு கிரீமுக்கும் பொதுதானே.

டப்பா முழுவதையும் சேர்த்தால் 0.2 கிராம் பாதரசம். காய்ச்சல் பார்க்கும் பழைய தெர்மாமீட்டரில் இருப்பது சுமார் 0.6 கிராம். மூன்று டப்பா தீரும்போது ஒரு தெர்மாமீட்டரை முகத்தில் தேய்த்திருப்போம். 1,30,000 பங்கு இருந்த கிரீமில் 20 கிராம் டப்பா என்றால் ஒன்றே நான்கு தெர்மாமீட்டர்.

ஒப்பிட இன்னோர் எண்ணும் வேண்டும். டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014இல் இந்தியச் சந்தையில் விற்ற 32 சிவப்பழகு கிரீம்களைச் சோதித்தது. 14இல் பாதரசம் இருந்தது. அளவு பத்து லட்சத்தில் 0.1 முதல் 1.97 பங்கு வரை. இதுவும் சரியில்லை, இருக்கவே கூடாது. ஆனால் இரண்டு பங்குக்கும் பத்தாயிரம் பங்குக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். முன்னது கவனக்குறைவாக இருக்கலாம். பின்னது கையால் அள்ளிப் போட்டது.

தடவாதவருக்கும்

பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். பூசிய முகத்திலிருந்தும், துடைத்த துண்டிலிருந்தும், தலையணை உறையிலிருந்தும் அது எழும். அமெரிக்காவில் கலிஃபோர்னியா, வர்ஜீனியா மாநிலங்களில் 2010இல் மெக்சிகோவிலிருந்து வந்த கிரீம்களைத் தடவியவர்களின் வீடுகளுக்குச் சுகாதாரத் துறையினர் போனார்கள். கிரீமைத் தொடவே தொடாத வீட்டாரின் சிறுநீரிலும், குழந்தைகள் உட்பட, பாதரசம் கூடியிருந்தது. அம்மா கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சுவாள். குழந்தை அவள் முந்தானையைச் சப்பும். பாதரசம் போக இது போதும்.

கருவுற்றிருக்கும் பெண்களும், பால் கொடுக்கும் தாய்மார்களும் இதை ஒரு நாள்கூடத் தொடக் கூடாது.

சீட்டில் எழுதியதும் எழுதாததும்

பொருள்களின் பட்டியலைப் படியுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் சொல்வேன். பாதரசம் பல பெயரில் ஒளியும்: மெர்குரி, மெர்க்குரிக், மெர்க்குரஸ், மெர்க்குரியோ, காலமெல், சின்னபாரிஸ், ஹைட்ரார்ஜிரி, குவிக்சில்வர் எல்லாம் ஒன்றே. எந்தப் பெயரைக் கண்டாலும் கீழே வைத்துவிடுங்கள். பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், குளோபெட்டசால் என்றிருந்தால் அது ஸ்டீராய்டு. தோல் மருத்துவர்கள் போராடியதன் பேரில் 2018இல் இத்தகைய 14 ஸ்டீராய்டுகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் அட்டவணைக்குள் அரசு கொண்டுவந்தது. பார்லரில் கொடுத்தாலும், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தாலும் அது மருந்துதான், அழகுப் பொருள் அல்ல.

ஆனால் விஷம் சேர்ப்பவர் அதன் பெயரைச் சீட்டில் எழுதுவாரா? பட்டியலைப் படிப்பதில் உள்ள ஓட்டை இதுதான். சட்டத்திலும் ஒரு சந்து இருக்கிறது. 30 கிராமுக்குக் குறைந்த கிரீம் டப்பாவில் பட்டியல் போடுவது கட்டாயமில்லை. நம் கணக்கில் வந்த 20 கிராம் டப்பா இந்தச் சந்தில் நழுவிவிடும். இந்த விலக்கை எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. கிரீம் எவ்வளவு சிறிய டப்பாவில் வந்தாலும் தடவுகிற முகம் அதே முகம்.

ஆகவே கடையில் டப்பாவைக் கையில் எடுத்ததும் நான் முதலில் தேடுவது, இதற்குப் பதில் சொல்ல ஆள் உண்டா என்பதை. உள்நாட்டுப் பொருள் என்றால் தயாரித்தவர் பெயர், முழு முகவரி, உற்பத்தி உரிம எண், தொகுதி எண், கெடு தேதி இவை இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவரின் முகவரியும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருபவர் பெட்டியில் வந்த டப்பாவில் இது எதுவும் இருக்காது. நகையைக் கழற்றச் சொல்லும் வரி இருந்தால் அதற்குமேல் படிக்கவே வேண்டாம். அந்த வரி இல்லை என்பதால் கிரீம் நல்லது என்றும் ஆகாது. மோதிரத்தைத் தேய்த்துப் பார்ப்பது சோதனையும் அல்ல; அதை ஆய்வுக்கூடத்தில்தான் பார்க்க முடியும்.

பெயர் பெற்ற நிறுவனத்தின் டப்பா என்றாலும் மூடியின் கீழே ஒட்டிய தாள் பிரியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். 2019இல் அமெரிக்காவின் சாக்ரமென்டோவில் ஒரு பெண் பேச்சு குழறி, நினைவு மங்கி மருத்துவமனைக்கு வந்தார். அவர் வாங்கியது பிரபலமான கிரீமின் டப்பா. அதைத் திறந்து, பாதரசத்தின் கொடிய வகையான கரிமப் பாதரசத்தை யாரோ கலந்து விற்றிருந்தார்கள். அளவு பத்து லட்சத்தில் 12,000 பங்கு.

இயற்கை என்ற சொல்லைக் கண்டும் மயங்க வேண்டாம். பாதரசம் கிடைக்கும் லிங்கம் என்ற சிவப்புக் கல் மண்ணிலிருந்து தோண்டியதுதான். விளக்குக் கரியில் நம் பாட்டிமார் செய்த கண்மை வெறும் கரி. சுர்மா என்று விற்கும் கண்மையில் சிலவற்றில் பொடித்திருப்பது ஈயக் கல். இரண்டுமே இயற்கை.

இன்னொரு பக்கம், பாராபென் இல்லாதது என்று அட்டையில் போட்டதைத் தேடித் தேடி வாங்குகிறோம். தண்ணீர் கலந்த கிரீமில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளராமல் தடுக்கச் சேர்ப்பது பாராபென். அவற்றில் ஐந்தை ஐரோப்பா 2014இல் தடை செய்தது. மற்றவற்றை அளவு கட்டி அனுமதிக்கிறது. ஆராய வேண்டிய விஷயம்தான். ஆனால் பயத்துக்கும் ஒரு வரிசை வேண்டும். முகவரி இல்லாத டப்பா அந்த வரிசையில் முதல், அளவு கட்டிய பாராபென் வெகு பின்னால்.

உலக நாடுகள் 2013இல் ஜப்பானில் கூடி, பாதரசத்தால் சிதைந்த மினமாட்டா ஊரின் பெயரிலேயே ஓர் உடன்படிக்கை செய்தன. இந்தியா 2018இல் அதை ஏற்றது. பாதரசம் சேர்த்த அழகுப் பொருள் எதையும், எவ்வளவு சிறிய அளவானாலும், 2025க்குள் நிறுத்திவிட வேண்டும் என்று 2023இல் அந்த நாடுகள் முடிவு செய்தன. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023இல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடை கடையாகச் சோதனையில் இறங்கியது. அதிகாரி வரும் கடைக்கு அது போதும். பெட்டியிலும் கூரியரிலும் வருவதை வாங்குபவர்தான் நிறுத்த வேண்டும்.

அலமாரியில் இருக்கும் டப்பா

படித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு டப்பா நினைவுக்கு வந்திருந்தால், இன்றோடு அதை நிறுத்துங்கள். வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம், சாக்கடையில் கொட்டவும் வேண்டாம். மூடியை இறுக்கி, காற்றுப் போகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தப் பையையும் எடுத்துச் செல்லுங்கள். கோட்டக்கல்லில் துப்பு துலங்கியது கிரீமைப் பற்றிக் கேட்டதால்தான்.

ஸ்டீராய்டு கிரீமை நெடுநாள் தடவியவர்கள் மட்டும், அதைக் குறைத்து நிறுத்தும் விதத்தை முதலிலேயே தோல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். திடீரென்று விட்டால் முகம் சிவந்து எரியும்.

சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா என்று பார்க்கும் சோதனை எந்தச் சிறிய பரிசோதனை நிலையத்திலும் உண்டு, செலவும் குறைவு. நுரையோ வீக்கமோ இருந்தால் அன்றே போங்கள். சிறுநீரில் பாதரச அளவு பார்ப்பதைப் பெரிய ஆய்வுக்கூடங்கள் செய்கின்றன. ஒரே அறையில் தூங்கும் குழந்தைக்கும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த டப்பாவோடு புழங்கிய துண்டையும் தலையணை உறையையும் மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காமல், தனிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

உடலுக்குள் போன பாதரசம் ஒன்றிரண்டு மாதத்தில் பாதியாகும். அடுத்த ஒன்றிரண்டு மாதத்தில் அந்தப் பாதியும் பாதியாகும். தோல் அதற்கு முன்பே, நான்கு வாரத்தில், தன் பழைய நிறத்தோடு மேலேறி வரத் தொடங்கியிருக்கும்.